வாழைத்தண்டுக்குச் சர்க்கரை 112

மருமவனே, கையில கட்டியிருக்கியே ஒரு கறுப்புக் கடியாரம், அதைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி. மணி பாக்கிறதுக்கு இல்லையாம், சர்க்கரை பாக்கிறதுக்காம். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒரு தட்டுத் தட்டினா நம்பர் வந்து நிக்குமாம். "அப்பா, இவுக வடைக்குப் பிறகு ஒரு தடவை பாக்காக, பாயசத்துக்குப் பிறகு ஒரு தடவை பாக்காக, எப்பப் பாத்தாலும் நூத்திச் சொச்சம்தான்"னு என் மக போன்ல சந்தோசப்படுதா. பாயசத்துக்கு அசையாத ரத்தம் நம்ம வம்சத்துல இதுவரைக்கும் ஓடினதில்லையே, எனக்கு அங்கதான் உறுத்துச்சு.

பொண்ணைக் குடுத்த பிறகு உன்னை 'வாங்க போங்க'ன்னு கூப்பிடணும்னு உங்க அத்தை இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. அக்கா மகன்னு உனக்கு மூக்குச்சளி சிந்திவிட்ட கை இது, இதுக்கு மரியாதை எழுத வரமாட்டேங்குது. கோவிச்சுக்காத. கோவிச்சுக்கிட்டாலும் படிச்சு முடிச்சுட்டுக் கோவிச்சுக்கோ.

குத்தாம சர்க்கரை பாக்கிறதை அமெரிக்காக்காரன் நேத்துக் கண்டுபிடிச்சான்னு நினைச்சுக்கிட்டிருக்க. எங்க தாத்தனுக்கு எறும்பு பாத்துச் சொல்லிச்சு. வேலியோரம் ஒதுங்கிட்டு வந்தார்னா அந்த இடத்துல கட்டெறும்பு சாரை கட்டி நிக்கும். ஆயுர்வேதத்துப் பழைய ஏடுகள்லயே எறும்பு மொய்க்கிற மூத்திரத்தைப் பத்தி எழுதி வச்சிருக்கு. இங்கிலாந்துல 17-ஆம் நூற்றாண்டுல தாமஸ் வில்லிஸ்னு ஒரு வைத்தியர் ஒரு படி மேல போனார். எறும்புக்கு வேலை வைக்காம, நோயாளி மூத்திரத்தைத் தன் நாக்குலயே வச்சுப் பாத்துத் தேனாட்டம் இனிக்குதுன்னு எழுதினார். ஊசிக்குப் பயப்படுற ஆளுக்கு அந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கு, செலவும் கிடையாது. யோசிச்சுச் சொல்லு.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல கம்பவுண்டரா இருந்தப்ப பெனடிக்ட் கரைசல்தான். சோதனைக் குழாய்ல நீலக் கரைசல் 5 மில்லி, அதுல 8 சொட்டு மூத்திரம், ஸ்பிரிட் விளக்குல சாய்ச்சுப் பிடிச்சுக் கொதிக்க விடணும். நேரா நிமித்திப் பிடிச்சா பொங்கி மூஞ்சியில அடிக்கும். நீலமாவே நின்னா பிழைச்ச. பச்சை ஆனா லேசா இருக்கு. மஞ்சள், ஆரஞ்சுன்னு ஏறி, செங்கல் நிறத்துல அடியில படிஞ்சுதுன்னா டாக்டர் கண்ணாடியைக் கழத்தி வச்சுட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கழுவாத ஹார்லிக்ஸ் பாட்டில்ல மூத்திரத்தைக் கொண்டுவந்து குடுத்துட்டு, செங்கல் நிறத்தைப் பாத்துக் குய்யோ முறையோன்னு அழுதவங்களும் உண்டு. அது அவங்க சர்க்கரை இல்லை, பாட்டில் சர்க்கரை.

அதுவும் குத்தாத சோதனைதான். ஆனா அதுல ஒரு கோளாறு. ரத்தத்துல சர்க்கரை கிட்டத்தட்ட 180-ஐத் தாண்டின பிறகுதான் சிறுநீரகம் அதை வெளிய தள்ளும். 170-ல நிக்கிறவன் கிட்ட எறும்பு எட்டிப் பாக்காது, கரைசலும் நீலமாத்தான் இருக்கும். 50-க்கு இறங்கிக் கண்ணு இருட்டி விழுந்தாலும் அதே நீலம்தான். அதனாலதான் மூத்திரத்தை விட்டுட்டு ரத்தத்துக்கு வந்தாங்க. நம்ம விரலைப் பிடிச்சுக் குத்தணும்னு யாருக்கும் நேர்த்திக்கடன் இல்லை.

இப்ப ஒரு கணக்குச் சொல்லுதேன். நீ கணக்குல புலி, கேட்டுக்கோ. ஒரு ஆளு உடம்புல ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயித்துல சர்க்கரை 100-ன்னா ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். பெருக்கிப் பாரு, அஞ்சு லிட்டருக்கும் சேத்து 5 கிராம். ஒரு டீஸ்பூன். தலையில இருந்து கால் வரைக்கும் ஓடுற ரத்தம் முழுக்க இருக்கிற சர்க்கரை அவ்வளவுதான். வெறும் வயித்துல 126-ஐத் தொட்டா நீரிழிவுன்னு எழுதுதாங்களே, அது 6.3 கிராம். நல்லாருக்கிறவனுக்கும் சீக்காளிக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் ஒண்ணேகால் கிராம் சொச்சம். உன் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியில இதைவிடப் பல மடங்கு இருக்கு. 'கருப்பட்டிதானே மாமா, அது ஒண்ணும் செய்யாது'ன்னு நீ சொல்லுறதுக்குத் தனியா ஒரு கடுதாசி எழுதணும்.

அந்த ஒண்ணேகால் கிராமை, தோலு, கொழுப்பு, தண்ணி, வேர்வை எல்லாத்துக்கும் வெளிய நின்னுக்கிட்டு வெளிச்சத்தை அடிச்சே அளந்துரணும். இதுதான் வேலை. உனக்குச் சந்தேகம் வரும்: கொரோனா காலத்துல விரல்ல மாட்டினோமே கிளிப்பு, அது குத்தாமத்தானே ஆக்சிஜனைச் சொல்லிச்சுன்னு. நியாயமான கேள்வி. ஜப்பான்காரர் டக்குவோ அயோயாகி 1970-கள்ல அதைப் பண்ணி வச்சார். ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்கு நிறம் உண்டு. ஆக்சிஜன் ஏறினா செக்கச்செவேல்னு இருக்கும், இறங்கினா கறுத்துப் போவும். ரெண்டு விளக்கை அடிச்சா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். குளுக்கோசுக்கு நிறமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அடிச்சா, குளுக்கோசு உறிஞ்சுற இடத்துலயே தண்ணியும் உறிஞ்சுது. உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அதுபோக தோலு சூடானா ஒரு கணக்கு, பட்டையை இறுக்கினா ஒரு கணக்கு, வேர்த்தா இன்னொரு கணக்கு.

அதனால முயற்சி பண்ணாம விட்டாங்களான்னா, இல்லை. 2001-லயே அமெரிக்காவுல குளுக்கோவாட்ச்னு ஒண்ணு அரசாங்க அனுமதியோட வந்துச்சு. கடியாரம்தான். தோல்ல சின்னதா மின்சாரம் பாய்ச்சித் தோலுக்கடியில இருக்கிற நீரை உறிஞ்சி அளக்கும். கட்டினதும் மூணு மணி நேரம் சூடேறணும். அதுக்குப் பிறகு என்ன செய்யணும் தெரியுமா? விரல்ல ஒரு குத்துக் குத்தி, ரத்தத்துல வந்த நம்பரை அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்! கழத்தினா அந்த இடம் சிவந்து தடிச்சு அரிக்கும். எல்லாத்துக்கும் மேல, வேர்த்தா நம்பர் காட்டாது. சர்க்கரை சடார்னு இறங்குறப்ப உடம்பு முதல்ல செய்யுற காரியமே வேர்த்துக் கொட்டுறதுதான். சாகப்போற நேரத்துல மட்டும் லீவு போடுற காவக்காரனை யாரு சம்பளம் குடுத்து வச்சிருப்பா? சில வருசத்துலயே கடையைக் கட்டிட்டாங்க.

அப்புறம் கூகுள்காரங்க 2014-ல கண்ணுக்குள்ள போடுற வில்லையில சர்க்கரை பாக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. கண்ணீர்ல அளக்கிறது. எனக்கு அப்பவே சிரிப்பு. உங்க அத்தை ராத்திரி எட்டரை மணிச் சீரியல்ல விடுற கண்ணீருக்கும் வெங்காயம் நறுக்கையில விடுற கண்ணீருக்கும் என்ன நம்பர் வரும்னு கேட்டேன். 2018-ல அவங்களே, கண்ணீர்ச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையும் ஒத்துப்போக மாட்டேங்குதுன்னு வேலையை நிறுத்திட்டாங்க.

இந்தப் பயணத்தைப் பத்தி ஜான் ஸ்மித்னு ஒருத்தர் புத்தகமே எழுதியிருக்கார். பேத்தி கம்ப்யூட்டர்ல எடுத்து வாசிச்சு அர்த்தம் சொன்னா. குளுக்கோஸ் மீட்டர் செய்யுற பெரிய கம்பெனியில விஞ்ஞானத்துக்குத் தலைமையா இருந்தவர், 2006-ல எழுதினவர், பிறகும் திருத்தித் திருத்திப் போட்டிருக்கார். அதுக்கு அவர் வச்ச பேர்ல ஒரு ஏமாத்துக்கார வான்கோழி வருது. மார்க் ட்வைன் சின்ன வயசுல துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச கதையாம். பெட்டை வான்கோழி நொண்டி நொண்டி நடக்கும், பய 'இந்தா பிடிச்சுட்டேன்'னு பின்னாலயே போவான், கைக்கு எட்டும்போது ரெண்டு எட்டு எடுத்து வைக்கும். குஞ்சுக கிட்ட இருந்து ஆளை இழுத்துக்கிட்டுப் போற தந்திரம். நம்ம கரிசக்காட்டுக் கௌதாரி உன்னை இப்படி ஒரு நாள் ஓடையைத் தாண்டி இழுத்துக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? கம்பெனிக்குக் கம்பெனி, இன்னும் ரெண்டு வருசத்துல வந்துரும், இன்னும் ரெண்டு வருசத்துல வந்துரும்னு கோடி கோடியாக் கொட்டின கதை முழுக்க அந்தப் புத்தகத்துல இருக்கு. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களே ஓடை தாண்டிப் போயிருக்காங்க.

அப்படியிருக்க, ஆன்லைன்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூவாய்க்குத் தள்ளுபடியில உனக்கு மட்டும் அந்தக் கௌதாரி கையில வந்து உக்காந்துருச்சு.

ஒரு ரகசியம் சொல்லிருதேன். நீ கோயில் கொடைக்கு வந்தப்ப பம்புசெட்டுல குளிக்கப் போறேன்னு கடியாரத்தைத் திண்ணையில கழத்தி வச்சுட்டுப் போனேல்லா? உன் மகதான் அதை இயக்கத் தெரிஞ்சவ. முதல்ல எனக்குக் கட்டினோம், 108. அடுத்து உங்க அத்தைக்கு, 110. அவ அப்பத்தான் நீ வாங்கிட்டு வந்த அல்வாவுல ஒரு கட்டியை முந்தானையில மறைச்சுக் கொண்டுபோய் அடுப்படியில முழுங்கிட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்திருந்தா. விரல்ல நெய் மினுங்குது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிட்டு என் மீட்டர்ல குத்திப் பாத்தேன், 243. 'மீட்டர் பழசு'ன்னா.

சரி, மனுசருக்குள்ள சண்டை வேண்டாம்னு, பொரியலுக்கு வாங்கிப் போட்டிருந்த வாழைத்தண்டை எடுத்தோம். மணிக்கட்டுக் கனம் பாத்து ஒரு துண்டு நறுக்கி, நாரை உருவி, ஈரத்தைத் துடைச்சு, பட்டையை மூணாவது ஓட்டையில மாட்டினா கச்சிதமா உக்காந்துச்சு. அடியில பச்சை விளக்கு மினுக் மினுக்குன்னுச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. சர்க்கரை 112, நாடித்துடிப்பு 74. வாழைத்தண்டு சர்க்கரைக்கு நல்லதுன்னு ஊரே வைத்தியம் சொல்லுதே, அதுக்கே கட்டுப்பாட்டுல இருக்கிறது நியாயம்தான். ஆனா நாடி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாம உன் மக மிரண்டுட்டா. அந்தத் துடிக்கிற தண்டைத்தான் மத்தியானம் பருப்புப் போட்டுப் பொரியல் வச்சோம். நீ ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட.

அந்தப் பச்சை விளக்கு இருக்கு பாரு, அது தோலுக்கடியில ரத்தம் துடிக்கிறதைப் பாக்கிறதுக்கு உள்ளது. அந்த வேலைக்கு ஓரளவுக்கு நல்ல விளக்குதான். சர்க்கரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவுல உணவுக்கும் மருந்துக்கும் அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரி 21-ஆம் தேதி வெளிப்படையாவே எச்சரிக்கை விட்டுச்சு: தோலைக் குத்தாம தானா ரத்தச் சர்க்கரை சொல்லுதோம்னு வார எந்தக் கடியாரத்துக்கும் எந்த மோதிரத்துக்கும் நாங்க அனுமதி குடுக்கலை, வாங்காதீங்க, அதை நம்பி இன்சுலின் போட்டா உசுருக்கே ஆபத்துன்னு. எந்தக் கம்பெனி, எந்த மாடல்னுகூடப் பாக்கலை, மொத்தமாச் சொல்லிருச்சு. வாழைத்தண்டு பரிசோதனையை அவுகளுக்கு அனுப்பலாம்னு பேத்தி சொன்னா, நான்தான் தடுத்தேன்.

விக்கிறவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. 2023-ல மருத்துவ ஆராய்ச்சி பண்ணுற ஐ.சி.எம்.ஆர். கணக்கு வெளியானப்ப நாட்டுல 10 கோடி பேருக்கு மேல நீரிழிவுன்னு வந்துச்சு. நம்ம சென்னை டாக்டருங்க அஞ்சனா, மோகன் இவுகள்லாம் சேந்து எடுத்த கணக்கு. விக்கிறவன் கண்ணுக்கு அது 20 கோடி மணிக்கட்டு. அவன் வியாபாரத்தை அவன் பாக்கான். நான் கேக்கிறது உன்னைத்தான்.

நீ ஊசிக்குப் பயந்தவனா? கருவேலங்காட்டுல செருப்பில்லாம ஆட்டுக்குப் பின்னால ஓடின பய நீ. குதிகால்ல முள்ளு ஏறி ஒடிஞ்சு, நான் ஊக்கைத் தீயில காட்டித் தோண்டி எடுத்தேன். ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரிச்ச. அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் இன்னைக்கு விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தத்துக்கு அம்மா அப்பாங்கான்னா நான் நம்பணுமா? உனக்குப் பயம் ஊசியில இல்லை ஐயா, ஊசிக்குப் பின்னால வார நம்பர்ல. 243-ன்னு வந்துட்டா ராத்திரிச் சோத்தைக் குறைக்கணும், காலையில எந்திரிச்சு நடக்கணும், மாத்திரையை மறந்துட்டேன்னு பொய் சொல்ல முடியாது. 110-ன்னு சொல்லுற கடியாரம் ஒண்ணும் கேக்காது. நீ ரெண்டாயிரம் குடுத்து வாங்கினது மீட்டரை இல்லை, சம்மதத்தை.

இது உனக்கு அம்மா வழியில வந்த சொத்து. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்கல்லா, நம்ம தெருவுக்கும் ஒரு பொண்ணு வீடு வீடா வருது. வெயில்ல நடந்து வந்து பிரஷர் பாத்து, விரல்ல குத்திச் சர்க்கரை பாத்து, மாத்திரையைக் கையில குடுத்துட்டுப் போவுது. அந்தப் பொண்ணு தெருமுனையில திரும்புறது தெரிஞ்சா உங்கம்மா கொல்லை வழியா அவத்திக்கீரை பறிக்கப் போயிருவா. எங்க அக்கா பறிச்ச கீரையில ஊரு ஆடு பூராம் கொழுத்துப் போச்சு.

இதுக்காக, குத்தாத கருவியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நான் வேலை பாத்த காலத்துல முதல் வகை நீரிழிவோட வார பிள்ளைகளைப் பாத்திருக்கேன். அதுகளுக்கு உடம்புல இன்சுலினே சுரக்காது. சாப்பாட்டுக்கு முன்ன, பின்ன, படுக்கிறதுக்கு முன்ன, சில நாள் நடுராத்திரியில எழுப்பியும் குத்திப் பாக்கணும். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு விரல்ல எந்தப் பக்கம் குத்துறதுன்னு தாய் திருப்பித் திருப்பிப் பாப்பா, எல்லாப் பக்கமும் புள்ளி புள்ளியா இருக்கும். குத்தாம உண்மை சொல்லுற கருவி ஒண்ணு வந்தா முதல்ல அந்த வீட்டு வாசல்லதான் இறக்கணும். பாயசம் எத்தனை டம்ளர்னு தெரிஞ்சுக்கிறதுக்கு உனக்கு அது எதுக்கு?

அந்தப் பிள்ளைகளுக்கு இப்ப ஓரளவுக்கு வழி இருக்கு. கை மேல்பக்கத்துல காசு அகலத்துக்கு ஒரு வில்லையை ஒட்டுதாங்க. லிப்ரேன்னு ஒண்ணு ரெண்டு வாரம் போல வரும். அதுல மெல்லிசா ஒரு இழை தோலுக்கடியில இருக்கும், அதனால குத்தவே இல்லைன்னு சொல்ல முடியாது, தினத்துக்குப் பலவாட்டி குத்துறதுக்கு ஒருவாட்டி. ரத்தத்துல அளக்கிறதில்லை, திசுவுக்கு இடையில இருக்கிற நீருல அளக்கும், அதனால ரத்தத்துக்குச் சில நிமிசம் பின்னாலதான் வரும். விலையும் நம்மை மாதிரி ஆளுகளுக்குக் கடிக்கத்தான் செய்யும். ஆனா சோதிச்சு, தப்பு எவ்வளவு வரும்னு கணக்குச் சொல்லி விக்காங்க. வாழைத்தண்டுல ஒட்டினா 112-ன்னு சொல்லாது.

வெளிச்சத்துலயும் உருப்படியா வேலை நடக்காமல் இல்லை. சொன்னா உனக்குப் பெருமையா இருக்கும். திருவானைக்காவல்ல பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல ஒண்ணைக் கண்டுபிடிச்சாரே, வெளிச்சம் ஒரு பொருள்ல பட்டுச் சிதறும்போது அந்தப் பொருளோட அடையாளத்தையும் தூக்கிக்கிட்டு வரும்னு, 1930-ல நோபல் பரிசுகூடக் குடுத்தாங்களே, அதே விளைவை வச்சுத்தான் அமெரிக்காவுல எம்.ஐ.டி.காரங்க சாம்சங் ஆளுகளோட சேந்து குளுக்கோசைத் தேடினாங்க. 2020-ல உசுரோட இருக்கிற பன்னியோட காதுல வெளிச்சத்தைப் பாய்ச்சி, குளுக்கோசோட அடையாளத்தை நேராவே பாத்துட்டோம்னு எழுதினாங்க. பன்னி வரைக்கும் வந்தாச்சு, உன் வரைக்கும் வரக் கொஞ்சம் பொறு.

அதுவரைக்கும் விரல். நுனியில குத்தாத, நரம்பு அங்கதான் கூட, வலிக்கும். பக்கவாட்டுல குத்து. அதுக்கு முன்ன கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுக்கோ. போன சித்திரையில மாம்பழத்தை உரிச்சுத் தின்ன கையோட குத்திப் பாத்து, 300-ன்னு வந்ததும் டாக்டருக்குப் போன் போட்டு அலறினேல்லா, அந்த நம்பர்ல பாதி மாம்பழத்தோடது. விரலைப் பிதுக்காத, கையைத் தொங்கவிட்டா சொட்டுத் தானா வரும். மீட்டர்ல சொருகுற சோதனைப் பட்டை இருக்கிற குப்பியோட மூடியைத் திறந்து போட்டு வைக்காத, தேதி பாத்து வாங்கு. ஊசியை வீட்டுல ஆளுக்கு ஆளு மாத்திக் குத்தாதீங்க. மீட்டரும் அச்சு அசல் சொல்லாது, நூத்துக்குப் பதினஞ்சு முன்ன பின்ன போகலாம்னு அதுக்கும் விதி இருக்கு. ஆனா 243-ஐ 110-ங்காது.

இன்னொண்ணு. டாக்டர் கிட்டப் போறதுக்கு முந்தின ரெண்டு நாள் கேப்பைக்கூழும் கீரையுமாக் குடிச்சு, வெறும் வயித்து நம்பரை அழகாக் காட்டிட்டு, வாசல்ல இறங்கினதும் பால்கோவாக் கடைக்குப் போற வித்தையை நான் உனக்குச் சொல்லிக் குடுக்கலை, நீயாவே கத்துக்கிட்ட. எச்.பி.ஏ.1.சி.ன்னு ஒரு சோதனை இருக்கு. சிவப்பணுவுல ஒட்டியிருக்கிற சர்க்கரையை வச்சு ரெண்டு மூணு மாசத்துச் சராசரியை எடுத்துப் போட்டுரும். 6.5-ஐத் தொட்டா நீரிழிவு. ரெண்டு நாள் கூழு அதுகிட்ட எடுபடாது. சாப்பிட்டுட்டுக்கூடப் போகலாம், வெறும் வயிறு வேண்டாம், அதனால அந்தச் சாக்கும் கிடையாது.

திங்கக்கிழமை ஆபீசுக்குப் போற வழியில ரத்தத்தைக் குடுத்துட்டு, வார காயிதத்தைப் படம் பிடிச்சு எனக்கு வாட்ஸ்அப்புல போடு. எவ்வளவு வந்தாலும் உங்கம்மா காதுக்குப் போகாது, அது என் பொறுப்பு. என் மககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்.